மார்ட்டின் கேட்ட ரொட்டி

பிப்ரவரி 2, ஞாயிறு

இந்த நோட்டு வாங்கி மூணு மாசம் ஆச்சு, இன்னைக்குத்தான் பிரிக்கேன். அயர்லாந்துக்கு வந்து பதினாலு மாசத்துல தமிழ்ல மனசுவிட்டுப் பேச ஒரு ஆள் கிடைக்கலை. வீட்டுக்குப் போன் பண்ணினா இவங்க "சாப்ட்டியா, குளிரு எப்படி"ன்னு ரெண்டு கேள்வியோட போனை மக ஜெஸிந்தா கையில கொடுத்துருவாங்க. அவளுக்கு ஒன்பது வயசு. அவகிட்ட என்னத்தைச் சொல்ல? "விசா எப்பம்மா வரும்?" அது ஒண்ணுதான் அவளுக்குப் பேச்சு. எனக்கும் அது ஒண்ணுதான் ஜெபம்.

ஊர்ல பதினாறு வருஷம் ஸ்டாஃப் நர்ஸ். இங்க பரீட்சை பாஸாகுற வரைக்கும் முதியோர் இல்லத்துல கேரர். குளிப்பாட்டணும், துடைக்கணும், ஊட்டணும். கௌரவம் பாத்தா ஆகாது.

பதினோராம் அறை மார்ட்டினுக்கு எண்பத்தேழு வயசு. மாடு வளத்த மனுசன், கையி ரெண்டும் மண்வெட்டி கணக்கா இருக்கும். போன வருஷம் பக்கவாதம் வந்ததுல தொண்டை சரியா முழுங்காது. எதையும் கூழாக்கித்தான் கொடுக்கணும்னு கட்டிலுக்கு மேல தாள் ஒட்டியிருக்கு. டீயிலகூட ஒரு பொடியைக் கலந்து பசை மாதிரி ஆக்கித்தான் கொடுப்போம். தண்ணியா எது போனாலும் நேரா நுரையீரலுக்குப் போயிரும்.

இன்னைக்குக் காரட் கூழை ஊட்டப்போனேன். ஸ்பூனைத் தள்ளிட்டு, "இது கன்னுக்குட்டித் தீனி. எனக்குச் சோடா ரொட்டி கொண்டா, வெண்ணெய் தடவி"ன்னாரு. "தர முடியாது மார்ட்டின்"னேன். "அப்ப நான் சாகுறதுக்கு எதுக்கு இவ்வளவு நாள் எடுத்துக்கணும்?"னு கேட்டாரு.

பிப்ரவரி 6, வியாழன்

லீவு. சோடா ரொட்டி சுட்டேன். சும்மா, பொழுது போகணும்ல.

ஈஸ்ட் கிடையாது, முட்டை கிடையாது. தவிடு நீக்காத கோதுமை மாவு, உப்பு, ஆப்பத்துக்குப் போடுற சோடா, மோர். அவ்வளவுதான். மோருன்னா நம்ம நீர்மோர் இல்லை, டப்பாவுல வருது, மூணு நாள் புளிச்ச தயிர் மாதிரி கெட்டியா.

"பிசையாதே, கையால சேர்த்து உடனே அடுப்புல வை"ன்னு மாவுப் பை முதுகுல போட்டிருந்துச்சு. இவனுக்கு மாவைப் பத்தி என்ன தெரியும்னு நினைச்சேன். எங்க வீட்டுல என் சப்பாத்தின்னா ஒரு பேரு உண்டு. கால் மணி நேரம் அடிச்சுப் பிசைஞ்சு, ஈரத்துணி போட்டு மூடி, ஒரு மணி நேரம் ஊற வச்சுட்டுத்தான் ஓவனுக்குள்ள வச்சேன். மேல சிலுவைக் கீறல் போடணுமாம். சிலுவைன்னதும் பயபக்தியா, நோகாம, லேசாக் கீறினேன்.

கருங்கல்லு வந்துச்சு. சோடாவோட வீரியமெல்லாம் ஊற வச்ச நேரத்துலயே போயிருச்சு. நடுவுல பச்சை மாவு.

கூடத் தங்கியிருக்குற மரிட்டெஸ் அதை எடுத்து மேஜையில ரெண்டு தட்டுத் தட்டினா. "ஆத்தே, இதைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம்"னா. பிலிப்பைன்ஸ்காரி. அவ பாஷையில அக்காவுக்கு ஆத்தேயாம். நானும் அவளும் ஒரே ஹோம்லதான் வேலை, ஆளுக்கொரு அறை, அடுப்பு பொது. வாய்க்காரி, ஆனா தங்கமான பிள்ளை. நான் வந்த புதுசுல ஆளைத் தூக்குற மெஷினை ஓட்டப் பழக்கினது அவதான். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். ரொட்டியைக் குப்பையில போட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மறுபடியும் ஒண்ணு சுட்டேன். பிசையலை. அதிலேயே ஒரு துண்டைத் துணியில சுத்தி மார்ட்டினுக்குக் கொண்டுபோனேன். மணம் காட்டத்தான். திங்கக் கொடுக்கலை.

வாங்கி மூக்குக்கிட்ட வச்சாரு. கண்ணு ரெண்டும் நிறைஞ்சுபோச்சு. பிறகு விரல் முட்டியால அடியில தட்டிப் பாத்தாரு. வெந்த ரொட்டின்னா அடியில வெத்துப் பானை மாதிரிச் சத்தம் கேக்கணுமாம். "துண்டுல கேக்காது, முழுசாக் கொண்டு வா"ன்னாரு. "கீறலை ஆழமாப் போடு. நீ என்ன முகத்துக்குப் பவுடரா பூசுதே?" அப்படின்னு கிண்டல் வேற. மனுசன் இப்படிக் கிண்டல் பேசி நான் கேட்டு ஒரு மாசம் இருக்கும்.

கிளம்பும்போது கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "ஒரே ஒரு வாய், பியூலா."

பிப்ரவரி 11, செவ்வாய்

தூக்கம் பிடிக்கலை. எங்கப்பா நினைப்பு.

அப்பாவுக்குக் கிட்னி போனபிறகு உப்பே ஆகாதுன்னுட்டாங்க. கடைசி வாரம் ஒரு துண்டு கருவாடு கேட்டாங்க. சுட்ட நெத்திலி, ஒண்ணே ஒண்ணு. நர்ஸுல்லா நான்? "சும்மா இருங்கப்பா, உங்களுக்கு ஆகாது"ன்னு அதட்டினேன். மூணாம் நாளு போயிட்டாங்க. கேட்ட வாய் அப்படியே திறந்து கிடந்துச்சு. அத்தைமார் எல்லாம் என்னை ஒரு பார்வை பாத்தாங்களே, அது மண்ணுக்குள்ள போறவரைக்கும் மறக்காது.

எங்க ஊர்ல இழுத்துக்கிட்டுக் கிடக்குற உசுருகிட்ட என்ன ஆசைன்னு கேட்டு, அதை ஒரு வாய் கொடுத்துருவோம். கொடுத்தாத்தான் நிம்மதியாப் போகும்பாங்க. பைபிள்ல அப்படியெல்லாம் கிடையாதும்பாரு எங்க சர்ச் ஐயரு. அவரு அம்மா கிடந்தப்போ அவரு வீட்டுலயும் கொடுக்கத்தான் செஞ்சாங்க.

மார்ட்டின் மக நோரீனைக் கேட்டுப் பாக்கலாம்னு நினைச்சேன். வேற ஊர்ல இருக்காங்க, பதினஞ்சு நாளைக்கு ஒருக்க வருவாங்க. கேட்டா முடியாதும்பாங்க. பிறகு எதுக்குக் கேக்க?

பிப்ரவரி 16, ஞாயிறு

காலைல சுட்ட ரொட்டி ரொம்ப நல்லா வந்துச்சு. மேல நாலா வெடிச்சு, அடியில தட்டினா கும்முன்னு சத்தம். மரிட்டெஸ் எந்திரிக்கிறதுக்குள்ள எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

எனக்கு இன்னைக்கு வேற பக்கத்து அறைகள். மார்ட்டின் பக்கம் மரிட்டெஸுக்கு. டீ இடைவேளையில போய் அவருக்கு ரொட்டியைக் காட்டிட்டு வந்தேன். தட்டிப் பாத்தாரு. சந்தோஷப்பட்டாரு.

வந்து துணி மடிச்சேன். சாக்ஸ் ஒண்ணு காணோம். சோறு வடிச்சு ரசம் வச்சேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மார்ட்டினுக்குக் காய்ச்சல். நெஞ்சுல கரகரன்னு சத்தம். நேத்து சாயங்காலம் கடுமையா இருமியிருக்காரு. மரிட்டெஸ்தான் பாத்து, நிமித்தி உக்கார வச்சு, நர்ஸைக் கூப்பிட்டிருக்கா.

அந்த அறை ஜன்னல் சரியாச் சாத்தாது. குளிர் பட்டிருக்கும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

டாக்டர் வந்தாரு. நிமோனியாவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டாம், இங்கேயே ஊசி போடுங்கன்னு நோரீன் சொல்லிட்டாங்க. நேத்து மத்தியானமே வந்துட்டாங்க, நாற்காலியை விட்டு எழும்பலை. "அப்பா, ஒரு வார்த்தை பேசுங்க. என் பேரைச் சொல்லுங்க போதும்"னு கையைத் தடவிக்கிட்டே இருக்காங்க. அவரு கண்ணைத் திறக்காரு, மூடுதாரு. பேச்சு இல்லை.

நான் உள்ள போய்ப் படுக்கை விரிப்பு மாத்தினேன். நோரீன் எனக்கு நன்றி சொன்னாங்க.

பிப்ரவரி 19, புதன்

விடியுற நேரத்துல மார்ட்டின் போயிட்டாரு.

பிப்ரவரி 20, வியாழன்

சாகுற வயசுதானே. எண்பத்தேழு. இந்த வயசுல நிமோனியா வர்றதுக்கு ஒரு காரணம் வேணுமா? பதினாறு வருஷத்துல எத்தனை பாத்திருக்கேன்.

ஒரு ஆறுதல், ஆசைப்பட்டதைத் தின்னுட்டுத்தான் போனாரு. ஒரு வாய்தான். சிரிச்சுக்கிட்டே வாங்கினாரு.

பிப்ரவரி 24, திங்கள்

மேனேஜரம்மா எல்லாரையும் கூப்பிட்டாங்க. அன்னைக்கு மார்ட்டின் மேஜையில பொடி கலக்காத டீ அரைக் கப்பு இருந்துச்சாம், அதுல ஊறின ரொட்டித் தூள் கிடந்துச்சாம். நர்ஸ் பாத்து எழுதி வச்சிருக்காங்க. அன்னைக்கு அந்தப் பக்கம் பொறுப்பு யாருக்கு? மரிட்டெஸுக்கு. சாப்பாட்டுத் தாள்ல நாலு மணிக்குக் கையெழுத்து யாரோடது? அவளோடது.

"நான் கொடுத்தது கூழு மட்டும்தான். கப்பு என்னுது இல்லை"ன்னா மரிட்டெஸ். "பிறகு யாருது?"ன்னாங்க. அவ சும்மா நின்னா.

மேனேஜரம்மா எல்லாரையும் பாத்து, "வீட்டுலேருந்து ரொட்டி யாராவது கொண்டுவந்தீங்களா?"ன்னு கேட்டாங்க. ஒவ்வொருத்தரா இல்லை இல்லைன்னு சொன்னாங்க. என் முறை வந்துச்சு.

இல்லைன்னேன்.

பிப்ரவரி 26, புதன்

மரிட்டெஸை வேலையை விட்டு நிறுத்தி வச்சுட்டாங்க. விசாரணை முடியணும். தப்பு அவ மேலன்னு எழுதிட்டா வேலை போச்சு, வேலை போனா பெர்மிட்டும் போச்சு. அவ அங்க அனுப்புற சம்பளத்துலதான் தம்பிமார் ரெண்டு பேர் படிக்காங்க.

நான் என்ன செய்ய? ஜெஸிந்தா பேப்பரெல்லாம் தூதரகத்துல கிடக்கு. நான் இப்ப வாயைத் திறந்தா என் பெர்மிட்டு, அவ விசா எல்லாம் ஒரே நாள்ல போயிரும். மரிட்டெஸுக்குப் பிள்ளை கிடையாது. சின்ன வயசு. வேற நாட்டுக்குப் போயிரலாம்.

இதை எழுதின கையை என்ன சொல்ல. ஆனா எழுதினது எழுதினதுதான், கிழிக்க மாட்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

விசா வந்துருச்சு! ஜெஸிந்தா போன்லயே குதிக்கா. "அம்மா, ஸ்வெட்டர் எத்தனை எடுக்கணும்? பள்ளிக்கூடத்துல தமிழ் பேசினா அடிப்பாங்களாம்மா?"

போனை இவங்க வாங்கினதும் நான் லேசா எடுத்துச் சொன்னேன், இப்படி ஒரு கிழவருக்கு நான் ஒரு வாய் கொடுத்தேன், பழி அந்தப் பிள்ளை மேல விழுந்துருச்சுன்னு. இவங்க, "ஏட்டி, ஆசைப்பட்டவனுக்கு ஒரு வாய் கொடுத்தது ஒரு பாவமா? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. பிள்ளை மூஞ்சியைப் பாரு"ன்னாங்க.

"அந்தப் பிள்ளை?"

"அவளுக்கு அவ ஆளுக பாத்துக்குவாங்க. நீ ஒண்ணும் கிழிக்க வேண்டாம்."

சரின்னேன். சாயங்காலம் அல்வா கிண்டினேன். மரிட்டெஸுக்கு ஒரு கிண்ணத்துல வச்சுக் கதவுக்கிட்ட வச்சேன். எடுக்கலை.

மார்ச் 3, திங்கள்

மரிட்டெஸ் என்னை ஆத்தேன்னு கூப்பிடுறதில்லை. "பியூலா, பால் தீர்ந்துபோச்சு." "பியூலா, குளியலறை காலி." அவ்வளவுதான்.

மார்ச் 5, சாம்பல் புதன்

மரிட்டெஸ் கோயிலுக்குப் போயிட்டு நெத்தியில சாம்பலோட வந்தா. நான் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன். பின்னால வந்து நின்னா.

"அந்த ஞாயிற்றுக்கிழமை காலைல ரொட்டி மணம் என் அறை வரைக்கும் வந்துச்சு"ன்னா. "பதினேழு நாளா நீயே சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"தெரிஞ்சும் நீ ஏன் சொல்லலை?"ன்னேன். கேக்குறதுக்கு வெக்கமே இல்லாம கேட்டேன்.

"நான் சொன்னா தப்பிக்கிறதுக்காகப் பழியை உன் மேல போடுதேன்பாங்க. நீ சொன்னாத்தான் நம்புவாங்க. நாளைக்குக் கடைசி விசாரணை. நாளைக்கு அவங்க முடிவு எழுதிருவாங்க." கத்தலை, அழலை. ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக்கிட்டுப் போயிட்டா. கத்தியிருந்தா நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

இப்ப உள்ளதை உள்ளபடி எழுதுதேன். இந்த நோட்டுல நான் எழுதினதுல பாதி பொய்.

பிப்ரவரி 16, மத்தியானம் மூணேமுக்கால். ஸ்டாஃப் ரூம் டீயை என் கப்புல எடுத்துக்கிட்டு, ரொட்டியைத் துணியில சுத்திக்கிட்டு மார்ட்டின் அறைக்குப் போனேன். அவரு தட்டிப் பாத்தாரு, தலையாட்டினாரு. அதுவரைக்கும் நிஜம். நான் ஒரு துண்டு பிச்சு, வெண்ணெய் தடவி, டீயில முக்கினேன். காய்ச்சல்ல கிடக்கிறவங்களுக்குப் பன்னை டீயில முக்கித்தானே எங்க வீட்டுல ஊட்டுவோம்? மெத்துன்னு இருந்தா தொண்டையில நிக்காதுன்னு நினைச்சேன். அந்தக் கட்டிலுக்கு மேல ஒட்டியிருக்கிற தாளை நான் நூறு தடவை படிச்சிருக்கேன். பொடி போடாத டீ அந்த மனுசனுக்கு விஷம்னு நர்ஸுக்குத் தெரியும். அன்னைக்கு அங்க நின்னது நர்ஸ் இல்லை. கருவாடு கொடுக்காத மக.

வாங்கினாரு. சிரிக்கலை. மென்னாரு, முழுங்கினாரு, இருமினாரு. முகம் செவந்து போச்சு. கையைத் தூக்கி என் மணிக்கட்டைத் தள்ளி, "போதும்"னாரு.

நான் அடுத்த துண்டை முக்கினேன்.

ஜெஸிந்தாவுக்கு, எங்கப்பாவுக்கு, கல்யாணப் பந்தியில உக்காந்த அத்தனை பேருக்கும் சொன்ன அதே பேச்சுதான் வாயில வந்துச்சு. "இன்னும் ஒரே ஒரு வாய், மார்ட்டின்." போதும்னு யார் சொன்னாலும் நாங்க எப்பக் கேட்டிருக்கோம்? ஊட்டுற கை நிறுத்தினா பாசம் இல்லைன்னு அர்த்தம். அவரு வாயை இறுக்கினாரு. உதட்டு ஓரத்துல வச்சு அழுத்தித் தள்ளினேன். அது நேரா மூச்சுக்குழலுக்குப் போன சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

எனக்குக் கொடுத்த அறைகள்ல ஒண்ணுலேருந்து மணி அடிச்சுச்சு. துணியையும் ரொட்டியையும் எடுத்தேன், கப்பை மறந்தேன். அவரு இருமிக்கிட்டு இருக்கும்போதே வெளிய வந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. அப்பவே ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட்டிருந்தா குழாய் வச்சு உறிஞ்சி எடுத்திருப்பாங்க.

அந்த ரெண்டாவது வாய் மார்ட்டினுக்கு இல்லை. அதைத்தான் என்னால எழுத முடியாம இருந்துச்சு.

மார்ச் 6, வியாழன்

காலைல போன் பண்ணினேன். இவங்க எடுக்குமுன்னே ஜெஸிந்தா எடுத்தா. பெட்டியில பேரெழுதி ஒட்டிட்டாளாம். அப்பாகிட்ட கொடும்மான்னேன். "நான் சொல்லப்போறேங்க"ன்னேன். திட்டினாங்க. கெஞ்சினாங்க. "பிள்ளைகிட்ட நீயே சொல்லிக்கோ"ன்னு போனை வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கலை.

பத்து மணிக்கு மேனேஜரம்மா அறை. மரிட்டெஸ் ஒரு ஓரத்துல. மார்ட்டினோட துணிமணியை வாங்கிட்டுப் போக நோரீனும் வந்திருந்தாங்க, முடிவைத் தெரிஞ்சுக்கணும்னு வெளிய வராந்தாவுல உக்காந்திருந்தாங்க. நான் உள்ள போய், "கப்பு என்னுது"ன்னேன்.

எல்லாத்தையும் சொன்னேன். மரிட்டெஸ் முகத்தைக் கையால மூடிக்கிட்டா, தோளு ரெண்டும் குலுங்குச்சு. எனக்காக அழலை, அது எனக்குத் தெரியும். மேனேஜரம்மா டைப் பண்ணி, பிரின்ட் எடுத்துக் கொடுத்தாங்க. "அவர் கேட்டதால் இரக்கப்பட்டு ரொட்டி கொடுத்தேன்"னு இருந்துச்சு. ரெண்டாவது வாயைப் பத்தி ஒரு வரி இல்லை. "அதையும் போடுங்க. போதும்னு சொன்னாரு, அதுக்குப் பிறகும் கொடுத்தேன்னு போடுங்க"ன்னேன். "பியூலா, அது உனக்குத்தான் கெடுதல், அவசியமில்லை"ன்னாங்க. போடுங்கன்னேன். போட்டாங்க.

பிறகு நோரீனை உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, நான் ரொட்டி கொடுத்ததை மட்டும் மேனேஜரம்மா சொன்னாங்க. ரொட்டின்னு கேட்டதும் அவங்க முகம் கொஞ்சம் இளகின மாதிரி இருந்துச்சு. "எங்கம்மா தினமும் சுடுவாங்க. அப்பா ஆசையாச் சாப்பிட்டாரா?"ன்னு கேட்டாங்க.

ஆமான்னு சொல்லியிருக்கலாம். அவங்களுக்கு அது போதும். எனக்கும்.

நான் தாளை அவங்க கையில கொடுத்தேன். படிச்சாங்க. மறுபடியும் படிச்சாங்க.

"போதும்னு வாயைத் திறந்து சொன்னாரா?"

"சொன்னாரு. தெளிவாச் சொன்னாரு."

"அதுக்குப் பிறகு பேசினாரா?"

"இல்லை."

"மூணு நாள் நான் பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை கேட்டேன்"னாங்க நோரீன். "எங்கப்பா கடைசியாப் பேசினது உங்ககிட்டயா?"

"ஆமா."

"அதையும் நீங்க கேக்கலை."

இல்லைன்னேன். அவங்க தாளை மேஜையில வச்சுட்டு எழும்பிப் போனாங்க. நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.